முள் நடுவில் நின்றது, தண்ணீர் குறைந்தது: ஒரு பழைய பிஎம்டபிள்யூவின் வாட்டர் பம்ப் ஒழுக்கு

வாகனம் 1997ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 520ஐ, இ39 வகை. எம்52 பெற்றோல் எஞ்சின், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 1991 சீசீ. உரிமையாளர் வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர். கொழும்புக்குள் கோயில், வைத்தியசாலை, சந்தை. வருடத்தில் சில தடவை ஏ9 வீதியால் யாழ்ப்பாணம். இதுதான் காரின் ஓட்டம். அவர் எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்த முறைப்பாடு ஒரே வரிதான்: "தம்பி, தண்ணி குறையுது, எங்க போகுதெண்டு தெரியேல்ல."

எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடுவது வாட்டர் பம்ப். அதைக் கழற்றிப் புதியதைப் போடுவது பெரிய வேலையில்லை. அதை மட்டும் சொல்ல இவ்வளவு நீளம் எழுதத் தேவையும் இல்லை. இந்தக் காரில் பம்ப் வெறும் வயதால் ஒழுகவில்லை. பல வருடமாக அதற்குள் ஓடிய தண்ணீர்தான் அதைத் தின்றிருக்கிறது. அந்தத் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுப் புதுப் பம்ப் போட்டிருந்தால் அதுவும் இதே வழியில் போயிருக்கும். கொழும்பில் இந்த வயதுக் கார்கள் நிறைய ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்த விலை பலருக்கு எட்டாது. ஆகவே இருக்கிற காரைக் காப்பாற்றுவதுதான் வழி. அப்படிக் காப்பாற்றக்கூடிய எத்தனையோ எஞ்சின்கள் ஒரு சின்ன ஒழுக்கைக் கவனிக்காததால் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி, வளைந்து போவதைப் பார்க்கிறோம். அதனால்தான் இதை விரிவாகப் பதிகிறேன்.

முன்கதை

ஐயாவிடம் கேட்டு அறிந்தவை இவை. சில வருடங்களுக்கு முன்பு வேறொரு கராஜில், "கூலன்ட் எல்லாம் பனி பெய்யிற நாட்டுக்குத்தான், இங்க தண்ணியே போதும்" என்று சொல்லியிருக்கிறார்கள். கூலன்ட் என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரோடு கலக்கும், அரிப்பைத் தடுக்கும் திரவம். அன்றிலிருந்து வீட்டுக் குழாய்த் தண்ணீர். யாழ்ப்பாணம் போனால் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். முதலில் மாதத்துக்கு ஒருமுறை ஊற்றினார், அப்புறம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, கடைசியில் ஒவ்வொரு கிழமையும்.

வெப்பநிலை காட்டும் முள்ளைப் பற்றி இன்னொன்றும் சொன்னார். "தூர ஓட்டத்தில முள் நடுவுக்குக் கீழதான் நிக்கும் தம்பி. நல்லாக் குளிர்ச்சியா ஓடுது." இதை அவர் காரின் நல்ல குணமாகச் சொன்னார். எங்களுக்கு இது முதல் தடயம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒழுக்கு ஏன் கண்ணுக்குப் படவில்லை

கொழும்பின் ஈரக் காற்றில் ஏசி போட்டு ஓடிய எந்தக் காருக்குக் கீழும் தண்ணீர் சொட்டும். நிறுத்திய இடத்தில் ஒரு குட்டை இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை, ஏசித் தண்ணீர் என்று விட்டுவிடுவார்கள். ஐயாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். இரண்டையும் பிரித்தறிய இடத்தைப் பார்க்க வேண்டும். ஏசித் தண்ணீர் காரின் நடுப்பகுதிக்குக் கிட்ட, கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே விழும். பம்ப் ஒழுக்கு எஞ்சினின் முன்முனையில், பெல்ட்டுகளுக்குக் கீழே விழும். கூலன்ட் கலந்திருந்தால் நிறமும் ஒரு இனிப்பு வாசமும் இருக்கும், காய்ந்த இடத்தில் நீலக் கறை நிற்கும். வெறும் தண்ணீருக்கு நிறமுமில்லை, வாசமுமில்லை. சூடான எஞ்சினில் விழுந்த துளி ஆவியாகிவிடும். கூலன்ட் போடாததன் முதல் நட்டம் அங்கேயே தொடங்குகிறது: ஒழுகினாலும் தெரியாது.

அடுத்தது முள். இந்த மாடலில் வெப்பநிலை முள் உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை. ஏறக்குறைய 75 பாகையிலிருந்து 115 பாகை வரைக்கும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்குப் பதறக்கூடாது என்பதற்காகச் செய்தது. ஆனால் பழைய காரில் அது ஆபத்து. முள் நடுவை விட்டு வலப்பக்கம் நகரும் நேரத்தில் எஞ்சின் ஏற்கனவே கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் மிகவும் குறைந்து, சென்சர் இருக்கும் இடத்தில் காற்று தங்கிவிட்டால் முள் சரியாக ஏறாமலும் போகலாம். ஆகவே காரின் கணினியைப் படிக்கும் ஸ்கானரைப் பூட்டி உண்மையான எண்ணைப் பார்க்காமல் இந்தக் காரின் முள்ளை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

பரிசோதனை

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகு, தண்ணீர் ஊற்றும் டேங்கின் மூடி இருக்கும் இடத்தில் பிரெஷர் டெஸ்டரைப் பூட்டி அழுத்தத்தை 1.5 பார் வரை ஏற்றினோம். டெஸ்டரின் முள் மெதுவாக இறங்கியது. கீழிருந்து டோர்ச்சும் சிறு கண்ணாடியும் பிடித்துப் பார்த்தபோது பம்பின் கழுத்துக்கு அடியில் இருக்கும் சிறு துளையில் ஒரு துளி திரண்டது, விழுந்தது, அடுத்தது திரண்டது. துளையைச் சுற்றி வெள்ளைப் படிவு கட்டியிருந்தது.

அந்தத் துளை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பம்பின் உள்ளே தண்ணீர்ப் பக்கத்தையும் பெயாரிங் பக்கத்தையும் ஒரு சீல் பிரிக்கிறது. சீல் தோற்றால் தண்ணீர் பெயாரிங்குக்குள் போகாமல் இந்தத் துளையால் வெளியே வர வேண்டும். சிலர் இதை எபொக்சி வைத்து அடைப்பார்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். அடைத்தால் தண்ணீர் பெயாரிங்கில் உள்ள கிரீஸைக் கழுவிவிடும். பெயாரிங் இறுகினால் பெல்ட் அறும். பெயாரிங் உடைந்தால் முன்னால் சுழலும் பெரிய விசிறி ரேடியேட்டரில் போய் அடிக்கும்.

விசிறியின் இரு இதழ்களைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தோம். சிறிய ஆட்டம் இருந்தது. பெயாரிங்கும் தேயத் தொடங்கிவிட்டது. ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கஸ்கட் போய், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறதோ என்ற சந்தேகத்தையும் தீர்க்க வேண்டியிருந்தது. டேங்கின் மேல் வாயுவை நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்த்தோம். எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும். நீலமாகவே நின்றது. அன்றைய நாளின் நல்ல செய்தி அதுதான்.

அழுத்தம் போனால் என்ன போகும்

ஒழுக்கு என்றால் தண்ணீர் குறைவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், "ஊற்றிக்கொண்டே இருந்தால் சரிதானே" என்கிறார்கள். அது சரியல்ல. இந்தக் காரின் டேங்க் மூடி 2 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. அந்த அழுத்தம் நிற்கும்போது வெறும் தண்ணீர்கூட 130 பாகைக்கு மேல் போய்த்தான் கொதிக்கும். அழுத்தம் நிற்காவிட்டால் கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும். சூடான தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தேர்மோஸ்டாட் இந்த எஞ்சினில் திறப்பதே 92 பாகையில். அதாவது பம்ப் ஒழுகி அழுத்தம் இறங்கிய காரில், சாதாரண ஓட்டத்துக்கும் கொதிப்புக்கும் இடையில் 8 பாகைதான் மிச்சம்.

மாலையில் காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ஏசியும் போட்டுக்கொண்டு ஊர்ந்தால் என்ன நடக்கும்? வாகனம் நகராததால் காற்று இல்லை. எஞ்சின் மெதுவாக ஓடுவதால் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். ஏசியின் கண்டென்சர் தன் சூட்டையும் ரேடியேட்டர் மேல் தள்ளும். அந்த 8 பாகை எத்தனை நிமிடம் தாங்கும்? ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்து வளைந்தால் லேத்தில் கொடுத்துப் பிளேன் பண்ணி, கஸ்கட் மாற்றி, அப்புறமும் நம்பிக்கையில்லாமல் ஓட வேண்டும். அந்தச் செலவின் முன் பம்பின் விலை ஒன்றுமே இல்லை.

பொருள் வாங்கிய விதம்

ஐயா முதலில், பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பம்ப் ஒன்று எடுக்கலாமா என்று கேட்டார். எனக்கு அந்த இடத்தின் மேல் மரியாதை உண்டு. பழைய காரின் கதவுக் கண்ணாடி, லைட், சுவிட்ச், இருக்கை, கியர் பெட்டி எல்லாம் அங்கே தேடிப் பொறுக்கலாம். ஆனால் சீலும் றப்பரும் உள்ள எதையும் பழையதாக வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கழற்றி உலர்ந்து கிடந்த பம்பின் சீல் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. புதியதே வாங்கினோம், உள்ளே சுழலும் இறக்கை உலோகத்தாலானது. இந்த எஞ்சினுக்கு அந்தக் காலத்தில் வந்த பம்புகள் பலவற்றில் இறக்கை பிளாஸ்டிக். வருடக் கணக்கில் சூடு பட்டு வெடிக்கும், சில வேளை தண்டிலிருந்து கழன்று தனியே சுற்றும். அப்போது ஒரு சொட்டுக்கூட ஒழுகாமலே கார் கொதிக்கும்.

கூடவே தேர்மோஸ்டாட், அதன் கவர், இரண்டு பெல்ட், மேல் ஹோஸ், டேங்க் மூடி ஆகியவற்றையும் எடுத்தோம். ஒரே இடத்தைத் திறக்கும்போது மாற்ற வேண்டியதை எல்லாம் மாற்றினால் கூலி ஒருமுறைதான்.

கழற்றியபோது கண்டது

பழைய தண்ணீரை ரேடியேட்டரின் அடியிலும், எக்சோஸ்ட் பக்கம் எஞ்சின் பிளொக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) உள்ள போல்ட்டைத் திறந்தும் வடித்தோம். பிளொக்கை விட்டுவிட்டு ரேடியேட்டரை மட்டும் வடிக்கும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் பழையதில் பெரும்பங்கு உள்ளேயே நிற்கும். வந்தது சாம்பல் கலந்த வெள்ளைக் களி. அலுமினியம் அரிபட்டால் வரும் நிறம் அது.

விசிறி பம்பின் தண்டிலேயே 32 மில்லிமீற்றர் நட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. அது இடப்புரி. முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழரும். எங்கள் மூத்த பாஸ் இளம் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான், ஏனென்றால் மறுபக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். பெல்ட் இறுக்கம் இருக்கும்போதே பம்பின் பெல்ட் சக்கரத்தில் உள்ள போல்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும், பிறகு பிடிமானம் கிடைக்காது. மேல் உறையையும் விசிறியையும் ஒன்றாகத் தூக்கி எடுத்தோம்.

பம்பைப் பிடிப்பவை நான்கு சிறு நட்டுகள். கழற்றினாலும் பம்ப் வராது. துருவும் படிவும் சேர்த்து ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தியலால் தட்டவோ ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பவோ கூடாது; அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் புதுப் பம்பும் ஒழுகும். பம்பின் விளிம்பிலேயே புரி வெட்டிய இரண்டு துளைகள் இருக்கின்றன. அவற்றில் 6 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை விட்டு, மாறி மாறி கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் பம்ப் தானாக நேராக வெளியே வரும். வந்தது.

இறக்கை பிளாஸ்டிக். ஒரு இதழின் நுனி இல்லை. மற்ற இதழ்களில், கேத்தலின் அடியில் கட்டுவதைப் போலவே, வெள்ளைப் படிவு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. அங்கே கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு ருசியாக இருந்தாலும் சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு படியும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் ஆற்றிலும் நீர்த்தேக்கங்களிலும் இருந்து வருவது, சுண்ணாம்பு குறைவு. ஆனால் அதில் கிருமி கொல்லும் குளோரின் உண்டு, அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்க எதுவும் இல்லை. இந்தக் காருக்கு இரண்டும் மாறி மாறிக் கிடைத்திருக்கிறது.

சீலைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்றின் மேல் ஒன்று உரசிச் சுழலும் இரண்டு மழமழப்பான வளையங்கள் அதன் உயிர். அவற்றுக்கிடையே கூலன்ட்டின் மெல்லிய படலம் நின்று குளிர்விக்கும், வழுக்கும். இங்கே அந்தப் படலத்துக்குப் பதிலாகப் படிவுத் துகள் போய் நின்றிருக்கிறது. வளையத்தின் முகத்தில் வட்ட வட்டமாகக் கோடு. அந்தக் கோடுகள் வழியேதான் கிழமைக்கு கிழமை தண்ணீர் போயிருக்கிறது.

அடுத்து தேர்மோஸ்டாட் கவரைத் திறந்தால் உள்ளே தேர்மோஸ்டாட்டே இல்லை. முன்பு எங்கேயோ யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். தூர ஓட்டத்தில் முள் நடுவுக்குக் கீழே நின்றதன் காரணம் இதுதான்: எஞ்சின் தன் வேலைச் சூட்டுக்கே வரவில்லை. அப்படி ஓடினால் கணினி எஞ்சினைக் குளிர்ந்ததாக எண்ணிக் கூடுதல் பெற்றோல் கொடுக்கும், ஒயிலில் ஈரம் தங்கும். நெரிசலிலோ நேர்மாறு. தேர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது குறுக்கு வழியையும் மூடிவிடும்; அது இல்லாதபோது சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி எஞ்சினுக்குள் வரும். வெப்ப நாட்டில் தேர்மோஸ்டாட் தேவையில்லை என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது விஷயத்தை யோசிப்பதில்லை.

காணாமல் போன இதழ் நுனியைத் தேடாமல் மூட மனம் வரவில்லை. ரேடியேட்டரைக் கழற்றி, கீழ் வாயால் தண்ணீரை விட்டு எதிர்த்திசையில் கழுவியபோது படிவுச் செதில்களோடு அது வெளியே வந்தது. தேர்மோஸ்டாட் இல்லாததால் நேரே அங்கே போயிருக்கிறது. ரேடியேட்டரைப் பலமான அமிலம் விட்டுக் கழுவச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். பழைய பித்தளை ரேடியேட்டருக்குச் செய்த வழக்கம் அது. அலுமினியத்தில் செய்தால் குழாய்ச் சுவரையே தின்றுவிடும். மென்மையான சிட்ரிக் கரைசலால் கழுவி, தெளிவாக வரும்வரை நல்ல தண்ணீர் விட்டு, கடைசியாக பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரால் அலசினோம்.

பூட்டியதும், பிறகும்

பம்ப் உட்காரும் துளையை மென்மையான தும்பால் சுத்தம் செய்தோம். புது ஓ-ரிங்கில் கூலன்ட் தடவி அமர்த்தினோம். எஞ்சின் ஒயில் தடவினால் இந்த றப்பர் ஊதிவிடும். சிலிக்கன் கஸ்கட் பசை ஒரு துளிகூட வேண்டாம். ஓ-ரிங் போதும், உதிரும் சிலிக்கன் துண்டு ரேடியேட்டரில் போய் அடைக்கும். நட்டுகள் 10 நியூட்டன் மீற்றர். மணிக்கட்டின் பலம் போதும், அதற்கு மேல் இறுக்கினால் புரி போகும்.

கூலன்ட்டாக இந்தக் காருக்குரிய நீல நிற வகையையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்தோம். மொத்தக் கொள்ளளவு 10.5 லீற்றர். கடைகளில் அதிகம் இருப்பது ஜப்பான் கார்களுக்கான சிவப்பும் பச்சையும். மருந்து வேறு, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தரையில் சிந்தியதை உடனே கழுவித் துடைத்தோம், வடித்ததைக் கானுக்குள் விடாமல் கலனில் எடுத்தோம். இனிப்பாக இருப்பதால் தெரு நாயும் பூனையும் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். கராஜ் வைத்திருக்கும் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

உள்ளே சிக்கிய காற்றை வெளியே எடுப்பதில் அவசரப்படக் கூடாது. முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, இக்னிஷன் போட்டு, ஹீட்டரை உச்சச் சூட்டில் வைத்தோம். கொழும்பில் அந்தக் குமிழை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் ஏசி உச்சக் குளிரில் இருந்தால் ஹீட்டர் வால்வு மூடிக்கொள்ளும், உள்ளே காற்று சிக்கும். டேங்க் மூடிக்குப் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் திருகைத் திறந்து, குமிழி நின்று திரவம் மட்டும் வரும்வரை மெதுவாக ஊற்றி, விரல் பலத்தோடு மூடினோம்.

ஐயாவிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லியிருந்தோம். இவ்வளவு காலம் அழுத்தமே இல்லாமல் ஓடிய காருக்கு இனி முழு அழுத்தம் வரும், அடுத்த பலவீனம் எங்கேயோ தலைகாட்டும் என்று. அப்படியே நடந்தது. சூடாக்கி ஓட்டிப் பார்த்து நிறுத்தியபோது பிளாஸ்டிக் டேங்கின் பொருத்து வரியில் மெல்லிய ஈரம். பிரெஷர் டெஸ்டர் அதை உறுதி செய்தது. டேங்கையும் மாற்றி மறுபடி காற்று எடுத்தோம். பம்ப் மாற்றிய பிறகு வேறிடத்தில் ஒழுகினால் மெக்கானிக் எதையோ கெடுத்துவிட்டார் என்று சண்டை வருவது வழக்கம். ஐயா அமைதியாகக் கேட்டுக்கொண்டார், காரணம் முன்பே சொல்லியிருந்ததுதான்.

மாலை நெரிசலில் ஏசி போட்டு ஓட்டியபோது ஸ்கானரில் வெப்பநிலை தொண்ணூறுகளுக்குள்ளேயே நின்றது. பிறகு யாழ்ப்பாணம் போய்வந்து காட்டினார். டேங்கில் மட்டம் இறங்கவில்லை, முள் தூர ஓட்டத்திலும் நடுவில், பெற்றோலும் முன்பைவிடக் குறைவாகப் போகிறதாம். வழியில் தேவைப்பட்டால் ஊற்ற, கலந்து வைத்த கூலன்ட் போத்தல் ஒன்றை டிக்கியில் வைத்துக் கொடுத்திருந்தோம், அது திறக்கப்படாமலே வந்தது. பொனட்டின் உட்பக்கம் கூலன்ட் வகையும் போட்ட திகதியும் எழுதி ஒட்டியிருக்கிறது, அடுத்து எந்தக் கராஜுக்குப் போனாலும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ரேடியேட்டர் இன்னும் பழையதுதான். மேல் ஹோஸ் பூட்டும் பிளாஸ்டிக் கழுத்து நிறம் மாறியிருக்கிறது. அடுத்த யாழ்ப்பாணப் பயணத்துக்கு முன் அதையும் மாற்றுவதென்று ஐயாவும் ஒப்புக்கொண்டு, புதியதற்குச் சொல்லி வைத்தாயிற்று.